ஒரு பஸ்ஸுக்கு ஒரு மாத்திரை

பொறியியல் நுழைவுத் தேர்வை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று பின்னாளில் பலர் கேட்டிருக்கிறார்கள். ஆர்வம் என்று சொல்லிவிடுவேன். உண்மையான காரணம் வேறு. அந்தத் தேர்வை வருடத்தில் இரண்டு முறை எழுதலாம். ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று. இரண்டில் எது நன்றாக வந்ததோ அதை எடுத்துக்கொள்வார்கள். மருத்துவத் தேர்வு ஒரே ஒரு முறைதான். பன்னிரண்டாம் வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு கிழித்து இரண்டையும் ஒப்பிட்டு எழுதினேன். பொறியியல் பக்கம் "தவறினால் இன்னொரு தடவை உண்டு" என்று எழுதிய பிறகு மற்ற வரிகளை நிரப்பவே இல்லை.

எங்கள் ஊர் ஏற்காடு மலையில் வாழவந்தியை ஒட்டிய சின்ன ஊர். காபி, மிளகு, கொஞ்சம் ராகி. பள்ளிக்கு எஸ்டேட் வழியாக நாற்பது நிமிட நடை. வகுப்பில் எல்லோரும் மருத்துவத் தேர்வுக்கான சிறப்பு வகுப்பில் சேர்ந்தபோது நான் மட்டும் விலகி உட்கார்ந்தேன். ரத்தத்தைப் பார்த்தால் எனக்குக் கண் இருட்டும். வெங்காயம் நறுக்கும்போது அம்மா விரலை வெட்டிக்கொண்டால், கட்டுப்போட வேண்டிய ஆளே கீழே கிடப்பேன்.

இந்தத் தேர்வில் எது போய்விடும், எது கிடைக்கும் என்பது வீட்டில் தெளிவாகப் பேசி முடிக்கப்பட்டிருந்தது. மத்திய அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் எவ்வளவு தூரமானாலும் அனுப்புவதாக அப்பா ஒத்துக்கொண்டிருந்தார். இல்லையென்றால் சேலத்தில் நர்சிங். பெரியப்பா மகள் படித்த அதே கல்லூரி. மாநிலத்துப் பொறியியல் கல்லூரிகளில் நுழைவுத் தேர்வில்லாமல், மதிப்பெண்ணை வைத்தே சேரலாம் என்று சொல்லிப் பார்த்தேன். தெரியாத ஊர், தெரியாத விடுதி, கேட்க ஆள் இல்லை என்று அப்பா பயந்தார். மத்திய அரசு என்றால் மட்டும் பொறுப்பான ஆள் இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. பயம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பொதுவானது. நர்சிங் கல்லூரியின் விண்ணப்பம் அலமாரியில் வந்து படுத்திருந்தது. அந்த அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அதைத் துணிகளுக்கு அடியில் தள்ளிவைப்பேன்.

டிசம்பர் முழுக்கக் காபிப் பழம் பறிப்பு. இடுப்பில் கட்டிய பையில் பழத்தோடு சூத்திரச் சீட்டுகளும் கிடக்கும். ஒரு செடி முடிந்ததும் ஒரு சீட்டு. ஈரத்தில் மை கரைந்து, தூண்டலும் மின்தேக்கியும் ஒன்றாகக் கலந்துபோன சீட்டுகளை மறுபடி எழுதுவேன். அப்போது இன்னொரு பட்டியலும் வைத்திருந்தேன், பயப் பட்டியல். கம்ப்யூட்டரில் எழுதும் தேர்வு, மவுஸ் பிடித்துப் பழக்கமில்லை. அனுமதிச் சீட்டில் இருக்கும் போட்டோ என்னைப் போல் இல்லை. கணக்கில் முப்பரிமாண வடிவியல். மூன்று மணி நேரமும் சிறுநீர் அடக்க முடியுமா. இப்படிப் பதினேழு வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன செய்வது என்று எழுதி, செய்ததும் டிக் அடித்தேன்.

அந்தப் பட்டியலில் பஸ் இல்லை. பஸ்ஸுக்குத்தான் மருந்து இருந்ததே.

மலையில் பிறந்தவர்களுக்கு வளைவுகள் பழகியிருக்கும் என்று கீழே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நாங்கள் நடந்து பழகியவர்கள். பஸ்ஸில் உட்கார்ந்து கொண்டை ஊசி வளைவுகளைக் கடப்பது எங்களில் பாதிப் பேருக்கு ஆகாது. எங்கள் ஊரிலிருந்து ஏற்காடு டவுனுக்குள் போகும் முன்பே ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை நடக்கும். அம்மா மலையில் பஸ் ஏறுவதை விட்டே பல வருடம் ஆகிவிட்டது. மற்றவர்களுக்கு மெடிக்கலில் விற்கும் வாந்தி மாத்திரை. ஒரு பஸ்ஸுக்கு ஒரு மாத்திரை என்பது ஊர்க் கணக்கு. யார் வகுத்தார்கள் என்று தெரியாது. பஸ் மாறினால் மாத்திரையும் புதிதாகப் போட வேண்டும். டிக்கெட் எடுப்பது போல.

அந்தக் கணக்கில் யாருக்கும் இதுவரை கெடுதல் வந்ததில்லை. கீழே போகிறவர்கள் ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்காருவார்கள், தாலுகா ஆபீஸில் உட்காருவார்கள், உட்கார்ந்தபடியே கண்ணயர்வார்கள். முறை வந்தால் கூட வந்தவர் தட்டி எழுப்புவார். சேலம் போனால் அலுப்பு, தூக்கம் தள்ளும் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தத் தூக்கத்தை யாரும் மாத்திரையோடு சேர்த்துப் பார்த்ததில்லை. நானும்தான். வேதியியலில் நல்ல மதிப்பெண் எடுக்கும் பெண், அட்டையின் பின்னால் என்ன அச்சடித்திருக்கிறது என்று ஒரு முறைகூடப் படிக்கவில்லை.

ஜனவரித் தேர்வு பிற்பகல் மூன்று மணிக்கு. சேலத்துக்கு வெளியே ஒரு கல்லூரியில். அப்பா சட்டைப் பையில் மாத்திரை அட்டையோடு வந்தார். ஊரில் முதல் பஸ் ஏறும்போது ஒன்று கொடுத்தார். ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ் ஏறும்போது இன்னொன்று. சேலத்தில் இறங்கியதும் டவுன் பஸ். இது சமதளம், வளைவே கிடையாதே என்று நான் சொன்னேன். பஸ் பஸ்தான் என்றார் அப்பா. போகிற இடத்தில் வயிற்றைப் பிரட்டினால் யார் பார்ப்பது. மூன்றாவதையும் போட்டுக்கொண்டேன். கேட்டில் சோதனை செய்யும்போதே என் நாக்கு வறண்டு தடித்திருந்தது. பயத்தில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

முதலில் இயற்பியலைத் திறந்தேன். தெரிந்த கேள்விகள். விடை போட்ட எண் பச்சையாக மாறும்போது சின்னதாக ஒரு தெம்பு வந்தது. திரையின் மேல்மூலையில் கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நான்கு நிமிடம் மீதி என்று பார்த்தது நினைவிருக்கிறது. ஒரு சுருளில் காந்தப் புலம் பற்றிய கேள்வி. அதை இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை படித்துக்கொண்டிருந்தபோது யாரோ மேசையைப் பேனாவால் தட்டினார்கள். கண்காணிப்பாளர் அம்மா குனிந்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பத்தெட்டு நிமிடம்.

முதலில் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். பக்கத்து வரிசைப் பையனின் திரையிலும் முப்பத்தெட்டு.  கணக்குப் பகுதியைத் திறந்தேன். ஒரு எண்கூட நிறம் மாறாமல் எல்லாம் வெள்ளையாகக் கிடந்தன. மீதி நேரத்தில் என்ன செய்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. எழுத்துகள் திரையை விட்டு விலகி விலகிப் போயின. தொடையைக் கிள்ளிக்கொண்டே இருந்தேன். மறுநாள் அங்கே ஐந்து இடங்களில் கன்றியிருந்தது.

அப்பா கேட்டுக்கு வெளியே, மதியம் நான் விட்டுப்போன அதே இடத்தில் நின்றிருந்தார். எப்படி எழுதினாய் என்று கேட்டார்.

"கேள்வி நொம்பக் கஷ்டமுங்ப்பா."

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, பரீட்சை ஹாலில் தூங்கியவள் என்ற பெயர் ஊருக்குள் ஏறினால் என் பேரக்குழந்தைகள் காலம் வரை இறங்காது. இரண்டாவதுதான் பெரிய காரணம். மூன்று மாத்திரையையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்து, என் உள்ளங்கையில் வைத்தவர் அவர்.

"கஷ்டமுன்னா எல்லாத்துக்குந்தான கண்ணு கஷ்டம்" என்றார். திரும்பும்போதும் பஸ்ஸுக்கு ஒன்று கொடுத்தார். வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் நான் சொன்ன பொய் தானாக வளர்ந்தது. யார் கேட்டாலும் அப்பா என்னை முந்திக்கொண்டு பதில் சொன்னார். டில்லியில் தயாரித்த கேள்வித்தாள், டவுன் பிள்ளைகளுக்கே புரியவில்லையாம் என்று விளக்கினார். பக்கத்து வீட்டு அத்தை, மலைக்காட்டுப் பிள்ளைக்கு ஏன் இந்த வேலை, நர்சு ஊசியாவது ஊர்க்காரர்களுக்கு உதவும் என்றார். நான் சிரித்து வைத்தேன். உள்ளே நடந்தது வேறு. ஏப்ரலுக்கு எத்தனை நாள் என்று எண்ணுவேன். அதே மூன்று பஸ், அதே அட்டை. அட்டையின் பின்பக்கத்தை அப்போதுதான் படித்தேன். தூக்க மயக்கம் வரும், வாகனம் ஓட்டக் கூடாது என்று எறும்பு அளவு எழுத்தில் இருந்தது. மாத்திரை போட்டால் தூக்கம். போடாவிட்டால் மலை இறங்கும் முன் நான் கந்தல். பட்டியல் போட்டேன். பாதி மாத்திரை, எலுமிச்சை, பட்டினி. எதற்கும் எதிரே டிக் அடிக்க முடியவில்லை. 

பிப்ரவரியில் அப்பாவும் நானும் டவுனில் இருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போனோம். ஜனவரி விடைத்தாளின் நகலை இணையத்தில் வெளியிட்டிருந்தார்கள். ஏப்ரல் தேர்வுக்கு விண்ணப்பிக்க மறுநாள் கடைசி. கடைக்காரர் சேலத்திலிருந்து வந்து கடை போட்டவர். சுற்றுலா சீசனில் ரூம் புக்கிங், மற்ற நாட்களில் எங்களைப் போன்றவர்களின் விண்ணப்பங்கள். சத்தமாகப் பேசுவார். என் விடைத்தாளைத் திறந்து கீழே உருட்டிக்கொண்டே போனவர் நிறுத்தினார். ஒவ்வொரு கேள்விக்குக் கீழேயும் அதன் நிலை எழுதியிருந்தது. விடை அளித்தது, விடை அளித்தது, விடை அளித்தது. அப்புறம் திறக்கவில்லை, திறக்கவில்லை என்று பக்கம் பக்கமாக.

"என்ன கண்ணு, பாதியில எந்திரிச்சு போண்டா திங்கப் போயிட்டியா?"

கடையில் ஜெராக்ஸ் எடுக்க நின்றிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வழக்கம்போல எனக்காகப் பேசினார்.

"கேள்வி கஷ்டமுங்க. புள்ள பயந்துபோச்சு."

அப்படியானால் ஏப்ரலுக்குப் போடட்டுமா வேண்டாமா என்று கடைக்காரர் கேட்டார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். தலையைத் தடவிக்கொண்டார். ஒரு மாதமாக நான் சரியாகச் சாப்பிடாததையும், விடியுமுன் எழுந்து வாசலில் உட்கார்ந்திருப்பதையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவருக்குத் தெரிந்த ஒரே விஷயம் நான் சொன்ன பொய். அதை வைத்து, என் மேல் இருக்கிற பிரியத்தில், அவர் முடிவு செய்தார்.

"வேண்டாமுங்க. அவ ஒடம்பு ஒண்ணுமில்லாமப் போச்சு. எதுக்குச் சும்மா புள்ளையப் போட்டு வதைக்கறது?"

கடைக்காரர் சரியென்று பக்கத்தை மூடப் போனார். மவுஸின் அம்புக்குறி மூலையில் இருக்கும் சிவப்புப் பெருக்கல் குறியை நோக்கி நகர்ந்தது எனக்கு இன்னும் தெரிகிறது. வாயைத் திறந்தேன்.  

"கஷ்டமில்லீங்ப்பா. தூங்கிட்டனுங்க."

அப்பாவுக்குப் புரியவில்லை. கடைக்காரருக்குப் புரிந்தது. பரீட்சையிலயா என்று கேட்டுவிட்டு நாற்காலி ஆடும்படி சிரித்தார். ஜெராக்ஸுக்கு நின்றவர்களும் சிரித்தார்கள். நான் எதை நினைத்து ஒரு மாதமாகப் பயந்தேனோ, அது முழுசாக நடந்துகொண்டிருந்தது. காது சுட்டது. ஆனால் பாதியில் நிறுத்த முடியவில்லை. மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். ஒன்று போட்டாலே தூக்கம் வரும், நான் போட்டது மூன்று, அட்டையிலேயே எழுதியிருக்கிறது என்று ஒப்பிப்பது போலச் சொல்லி முடித்தேன்.

அப்பா சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். திரும்பும் பயணத்துக்காக வைத்திருந்தது. தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, படிக்கப் பார்த்தார். எழுத்து சின்னது. கடைக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு, தன் கண்ணாடியைக் கழற்றி அவரிடம் நீட்டினார். அப்பா வாங்கவில்லை.

"மூணையும் நாந்தான சாமி குடுத்தேன்" என்றார் என்னைப் பார்த்து. பிறகு கடைக்காரரிடம், "போடுங்க" என்றார்.

அன்றைக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் மாத்திரை போடவில்லை. மூன்று முறை வாந்தி எடுத்தேன். அப்பா பையைப் பிடித்துக்கொண்டார்.  அவர் என் மேல் கோபமாக இருக்கிறாரா, தன் மேலா என்று எனக்குத் தெரியவில்லை. அது தெரியாமல் இருப்பது வாந்தியைவிடப் பயமாக இருந்தது.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட அம்மா சிரிக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை. பஸ்தானே பிரச்சினை என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"அப்ப நடந்து எறங்கு. காலு எதுக்கு இருக்குது?"

எங்கள் பக்கத்திலிருந்து அடிவாரத்துக்கு ஒரு காட்டுப் பாதை இறங்குகிறது. கீழே கல்யாணம், கருமாதி என்றால் அம்மா அதில்தான் போய்வருவாள். மூன்று மணி நேர இறக்கம். அடிவாரத்திலிருந்து சேலத்துக்கு நேரான ரோடு. வளைவு இல்லாத பஸ்ஸில் மாத்திரை இல்லாமல் உட்கார முடியுமா என்பது மட்டும்தான் தெரியாது. மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் சோதித்துப் பார்த்தோம். இறங்கி, பஸ் ஏறி, சேலம் பஸ் ஸ்டாண்ட் வரை போய்த் திரும்பினோம். குமட்டல் இருந்தது, வாந்தி இல்லை. அன்று இரண்டு மாதங்களில் முதல் டிக்.

ஏப்ரல் தேர்வு நாளில் கண் தெரியும் வெளிச்சம் வந்ததும் மூன்று பேரும் கிளம்பினோம். இந்தத் தேர்வும் பிற்பகல்தான். அம்மா முன்னால், நான் நடுவில், அப்பா பின்னால். பாதி தூரத்தில் அம்மா நின்று கையைக் காட்டினாள். பாதை நடுவில் காட்டெருமைச் சாணி. ஆவி பறந்தது. புதருக்குள் ஏதோ பெருமூச்சு விட்டது போலிருந்தது.  மிதிபட்டுச் செத்துப்போவேன் என்றுகூடத் தோன்றவில்லை. இரண்டரை மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்களே என்றுதான் தோன்றியது.

சத்தம் கேட்டால் அது விலகிப் போய்விடும், பேசிக்கொண்டே வா என்றாள் அம்மா. என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"படிச்சதச் சொல்லு. கத்திச் சொல்லு."

மின்தேக்கியில் ஆரம்பித்தேன். தொடரிணைப்பு, பக்க இணைப்பு, சேமிக்கப்படும் ஆற்றல்.  அம்மா கை தட்டிக்கொண்டே நடந்தாள். எருமைக்கும் நாலு எழுத்து ஏறட்டும் என்று அப்பா பின்னாலிருந்து சொன்னார். பிரவுசிங் சென்டருக்குப் பிறகு அவர் என்னிடம் செய்த முதல் கேலி அது. கடைசி வரை எருமையை நாங்கள் பார்க்கவில்லை. அடிவாரம் வருவதற்குள் இயற்பியல் முடிந்து வேதியியலில் பாதி வந்திருந்தேன்.

கீழே வெயில் அடுப்பு மாதிரி இருந்தது. பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு பிரேக்குக்கும் வயிறு மேலே வந்தது. வாயில் புளிப்புத் தட்டியது. விழுங்கினேன். டவுன் பஸ்ஸிலும் விழுங்கினேன். கேட்டில் நுழையும்போது இறக்கத்தில் நடந்த தொடைகள் தானாக ஆடின. சோதனை செய்த பெண் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நடந்து வந்தேன் என்றேன்.

அந்த மூன்று மணி நேரமும் நான் பயந்துகொண்டே இருந்தேன். பயம் தெளிந்து எழுதினேன் என்று சொன்னால் பொய். கடிகாரத்தை நொடிக்கொரு தரம் பார்த்தேன். கொட்டாவி வந்தால் தூக்கம் வந்துவிட்டது என்று பதறினேன். காந்தப் புலத்தில் ஒரு கேள்வி வந்தபோது கண்ணை அகல விரித்து, உதட்டை அசைத்து, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன். ஆனால் கணக்குப் பகுதியைத் திறந்தேன். எல்லாக் கேள்விகளையும் பார்த்தேன். எட்டு தெரியவில்லை. தெரியவில்லை என்பதை விழித்துக்கொண்டு தெரிந்துகொள்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றுதான் புரிந்தது. முப்பத்தெட்டு நிமிடம் மீதி என்று கடிகாரம் காட்டியபோது நான் ஒரு தொகையீட்டுக் கணக்கின் நடுவில் இருந்தேன்.

வெளியே வந்ததும் அம்மாதான் முதலில் பேசினாள். முகத்தைக் கழுவு என்றாள். அப்பா கேட்டார்.

"முழிச்சிருந்தியா?"

"முழிச்சிருந்தனுங்ப்பா."

வேறெதுவும் அவர் கேட்கவில்லை. அந்த எட்டுக் கேள்விகளைப் பற்றி நானாகவே சொன்னேன். என்ன வகைக் கணக்கு, எங்கே தடுக்கியது என்று. அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. முழுவதும் கேட்டார்.

மதிப்பெண் பிரமாதமாக இல்லை. ஜனவரியைவிட எவ்வளவோ மேல், அவ்வளவுதான். கலந்தாய்வின் முதல் சுற்றில் என் பெயர் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் டவுனுக்குப் போய்த் திரும்பும்போது நர்சிங் கல்லூரி இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தது. மூன்றாவது சுற்றில் கடைக்காரர் திரையை என் பக்கம் திருப்பினார். ரயிலில் ஒரு இரவும் ஒரு பகலும் போக வேண்டிய ஊர். மின் பொறியியல். பெயரைக்கூட எனக்கு ஒழுங்காக உச்சரிக்க வரவில்லை. இதை எடுத்துக்கொள்வதா, அடுத்த சுற்றில் இன்னும் நல்லது வரும் என்று காத்திருப்பதா என்று அவர் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

அப்பா கல்லா மேல் கையை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். அவ்வளவு தூரத்துக்கு அவர் பயந்தார், எனக்கு அது தெரிந்தது. நானும்தான் பயந்தேன். அந்த ஊரில் எனக்கு யாரும் கிடையாது, அந்த ஊர் பாஷையும் தெரியாது. 

"இதையே போட்ருங்க" என்றேன்.